உடற்பயிற்சி இல்லை, மாவு வாளி மட்டும்தான்

கேள்வி: மேலூர்ப் பக்கம் சிறிய இட்லிக் கடை நடத்துகிறேன். வயது 43. பல வருடங்களாக இடது பக்க மூக்கு அடைப்பு. இரவெல்லாம் வாயால்தான் மூச்சு. மூக்குத்தண்டு வளைவுக்கும் உள்ளே வளர்ந்திருந்த சதைக்கும் மதுரையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். "இரண்டு வாரம் உடற்பயிற்சி வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அதனால் நான்காம் நாளே கடையைத் திறந்துவிட்டேன். ஆறாம் நாள் மாவு வாளியைத் தூக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. பக்கத்து வீட்டு அக்கா தலையை அண்ணாந்து வைத்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ரத்தமாக வாந்தி எடுத்தேன். வீடே அலறிவிட்டது. மருத்துவமனையில் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார்கள். இன்று ஒன்பதாம் நாள். நேற்றுதான் மூக்குக்குள் வைத்திருந்த தகட்டை எடுத்தார்கள். இப்போது மாமியார் படுக்கையை விட்டு எழக்கூடாது என்கிறார். மகன் நடந்தால்தான் நல்லது என்கிறான். நான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? மூக்குத்தியை எப்போது போடலாம்? அடுத்த வாரம் அழகர் வருகிறார். எனக்கு அது பதினேழாம் நாள். மகனுக்கு அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சும் வேண்டுதல் இருக்கிறது. கூடப் போகலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் "எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது" என்ற வரியைப் படித்ததும் முதலில் சிரித்தேன். அடுத்த நிமிடம் வெட்கமாக இருந்தது. தவறு உங்களுடையது அல்ல. உடற்பயிற்சி என்று சொல்லும்போது மருத்துவர்களாகிய எங்கள் மனத்தில் ஜிம்முக்குப் போகிற ஓர் இளைஞன்தான் நிற்கிறான். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, குனிந்து வாசல் பெருக்கி, இரண்டு குடம் தண்ணீர் தூக்கி, கிரைண்டரிலிருந்து மாவை வழித்து வாளியில் இறக்குகிற ஒரு பெண் நிற்பதில்லை. பல வருடங்களுக்கு முன்பு மதுரைப் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவரிடம் நானும் இதே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் நாள் சட்டையெல்லாம் ரத்தமாகத் திரும்பி வந்தார். "உடற்பயிற்சி எதுவும் செய்யவில்லை ஐயா, மல்லிகை மூட்டைதான் தூக்கினேன்" என்றார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் "வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றுதான் தொடங்குகிறேன்.

உங்கள் மூக்குக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அதைத்தான் மூக்குத்தண்டு என்கிறோம். முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. அதன் மேல் இரு பக்கமும் மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். அறுவை சிகிச்சையில் அந்தத் தோலை உள்ளேயே விலக்கி, வளைந்த பகுதியை நேர்செய்து, மறுபடியும் போர்த்தி ஒட்டவைக்கிறார்கள். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. பார்ப்பவர்கள் "ஆபரேஷன் செய்த மாதிரியே இல்லையே" என்று சொல்வதும், அதை நம்பி நீங்கள் கடையைத் திறப்பதும் அதனால்தான்.

குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்திய தோலிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. தோல் ஒட்டிக்கொள்ளும் வரை அங்கே ரத்தம் தேங்கக்கூடாது, அடி படக்கூடாது. இன்னொன்று: மூக்குத்தண்டின் முன்பகுதியில் நான்கைந்து ரத்தக்குழாய்கள் வந்து கூடுகின்றன, நம் ஊர் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் மாதிரி. சாதாரண நாளிலேயே மூக்கில் வருகிற ரத்தம் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. உங்களுக்குச் சதையையும் குறைத்திருக்கிறார்கள். அங்கே ஏற்பட்ட புண்ணின் மேல் பொருக்கு கட்டி, ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் அது உதிரத் தொடங்கும். நீங்கள் சரியாக அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாளியைத் தூக்கியிருக்கிறீர்கள்.

அந்த மூச்சைப் பிடிப்பதுதான் விஷயம். கனமான பொருளைத் தூக்கும்போது நம்மை அறியாமல் தொண்டையை அடைத்து வயிற்றை இறுக்குகிறோம். அப்போது தலைக்குப் போன ரத்தம் திரும்பி இறங்க வழியில்லாமல் முகத்தில் தேங்குகிறது. முகம் சிவப்பதும் கழுத்து நரம்பு புடைப்பதும் அதனால்தான். கழிவறையில் முக்குவதும், வாயை மூடிக்கொண்டு தும்முவதும், மூக்கைச் சிந்துவதும் இதே கணக்கில் சேரும். தலையை இடுப்புக்குக் கீழே குனிந்தால் மூச்சைப் பிடிக்காமலே ரத்தம் மூக்குக்கு இறங்கும். எனவே உங்களுக்கான விதி "உடற்பயிற்சி வேண்டாம்" என்பது அல்ல. முக்காதீர்கள், குனியாதீர்கள், சிந்தாதீர்கள், இடிபடாதீர்கள். மாவு வாளி உடற்பயிற்சியா இல்லையா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்குள் வருகிறேன். முதல் இரண்டு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். இட்லி அரிசிச் சிப்பம் 25 கிலோ. வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பின் எடை அதற்கும் மேல். இவை எல்லாவற்றையும் மகனிடம் விடுங்கள். இரண்டு வாரம் முடிந்ததும் குடத்தைப் பாதி நிறைத்துத் தூக்கிப் பார்க்கலாம்; முழு வாளி மாவு நான்காம் வாரத்தில். உருளையை மட்டும் ஒன்றரை மாதத்துக்குத் தொடவே வேண்டாம். உண்மையில் அதன் பிறகும் அது உங்கள் வேலை இல்லை. தூக்கும்போது வாயைத் திறந்து "ஹா" என்று மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள். மூக்குக்குள் விண்விண் என்று துடிப்பது தெரிந்தால், பாதியில் இருந்தாலும் இறக்கி வைத்துவிட வேண்டும்.

கடைக்கு வருவோம். கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்குவதற்கு இன்றைக்கே தடையில்லை. இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறப்பது மட்டும் வேண்டாம். அந்த ஆவி நேராக முகத்தில் அடிக்கும், சூடு பட்டால் ரத்தக்குழாய்கள் விரியும். இதே காரணத்துக்காக முதல் இரண்டு வாரம் ஆவி பிடிக்கவும் கூடாது, கொதிக்கக் கொதிக்கக் காபி குடிக்கவும் கூடாது, தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றவும் கூடாது. விறகு அடுப்பு வைத்திருந்தால் ஊதுகுழலை இன்னொருவர் கையில் கொடுங்கள். "காற்று வாய் வழியாகத்தானே போகிறது" என்று நீங்கள் வாதாடலாம். சரிதான். ஆனால் குனிந்து, கன்னம் உப்ப அழுத்தி ஊதி, அந்தப் புகையை முகத்தில் வாங்குகிறீர்களே, மூன்றுமே உங்களுக்கு ஆகாது. தாளிப்பும் அப்படித்தான். காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்தால் ஆரோக்கியமான மூக்கே அடுக்கடுக்காகத் தும்மும்.

தும்மலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பெண்களுக்குச் சபையில் தும்மல் வந்தால் சேலைத் தலைப்பை வாயில் அழுத்தி உள்ளேயே விழுங்கும் பழக்கம் இருக்கிறது. அடக்கம் என்று பாராட்டு வேறு. அந்த அழுத்தம் முழுவதும் மூக்கின் புதுத் தையலில் போய் இடிக்கிறது. வாயை நன்றாகத் திறந்து, வெட்கப்படாமல், சத்தமாகத் தும்முங்கள். சளி இறங்கினால் சிந்த வேண்டாம். துணியால் ஒற்றி எடுங்கள். அறுவை சிகிச்சை நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்து மெதுவாக, ஒவ்வொரு பக்கமாக, வாயைத் திறந்தபடி சிந்தலாம்.

நீங்கள் எழுதாத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று மலச்சிக்கல். வலி மாத்திரையும் படுக்கையும் சேர்ந்தால் அது வரும். முக்கினால் மூக்கில் ரத்தம் வரும். தண்ணீர், கீரை, கொய்யா, வாழைப்பழம் இவற்றில் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது தாம்பத்தியம். கூச்சத்தில் யாரும் கேட்பதில்லை. இரண்டு வாரம் தள்ளிப் போடுவது நல்லது. ரத்த அழுத்தம் ஏறுவதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

உங்கள் மாமியாருக்கும் மகனுக்கும் நடக்கும் வழக்கில் தீர்ப்பு மகன் பக்கம். படுத்தே கிடப்பது இந்தச் சிகிச்சைக்குப் பிறகு யாருக்கும் தேவையில்லை. மறுநாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்கலாம். இப்போது காலை வெயில் ஏறுமுன் பெரியாறு கால்வாய்க் கரையில் அரை மணி நேரம் மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் வருபவரிடம் மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகம் போதும். வைக்கோல் தூசி பறக்கும் களத்துப் பக்கம் வேண்டாம். மாமியார் சொல்வதிலும் ஒரு பாதி சரி: படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள், இன்னும் ஒரு வாரத்துக்கு. அவர் மூக்கில் நல்லெண்ணெய் விட்டால் குளிர்ச்சி என்று சொல்லக்கூடும்; பெரும்பாலான மாமியார்கள் சொல்கிறார்கள். மறுத்துவிடுங்கள். எண்ணெய் மூக்கோடு நிற்காது, நுரையீரலுக்கு இறங்கினால் அங்கே ஒரு வகை நிமோனியாவையே உண்டாக்கும்.

எண்ணெய்க்குப் பதில் உப்புத் தண்ணீர்தான் மருந்து. அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியபின் முக்கால் டீஸ்பூன் உப்புப் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்தானாலும் சரி. எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதை உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் சொன்னபடி செய்யுங்கள். பொருக்கை விரலால் நோண்டாமல் இருக்க இதுவே வழி. ஆனால் கொதிக்க வைக்காத கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ மூக்குக்குள் போகவே கூடாது. 2024-இல் கேரளத்தில் குளம், ஆறு போன்றவற்றில் குளித்த குழந்தைகள் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்த அமீபா உள்ளே நுழைகிற வழி மூக்குதான். மிக அரிதான நோய், பயப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் புண்ணான மூக்கோடு கிணற்றிலோ கண்மாயிலோ முங்கிக் குளிப்பதை ஒன்றரை மாதம் தள்ளி வையுங்கள்.

ரத்தம் மறுபடி வந்தால் என்ன செய்வது? பக்கத்து வீட்டு அக்காவின் அன்பில் குறையில்லை, வைத்தியம்தான் தலைகீழ். அண்ணாந்தால் ரத்தம் நிற்பதில்லை, வெளியே வருவதற்குப் பதில் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகிறது. வயிற்றுக்கு ரத்தம் பிடிக்காது, திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் வாந்தி எடுத்தது அதைத்தான். உட்கார்ந்து, தலையைச் சற்றே முன்னால் சாய்த்து, மூக்கின் கீழே மெத்தென்று இருக்கும் பகுதியை இரு விரலால் பிடித்து, வாயால் மூச்சு விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். "நின்றுவிட்டதா" என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. நெற்றியிலும் மூக்கின் மேலும் ஐஸ் வைக்கலாம். இருபது நிமிடம் ஆகியும் நிற்கவில்லை, அல்லது தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், காத்திருக்க வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், ரத்தக் கசிவை அவை கூட்டும், பாரசிட்டமால் போதும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால் நீங்களாக நிறுத்தவும் கூடாது, கேட்டுச் செய்யுங்கள். கையோடு ஒருமுறை ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். 43 வயதில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

இன்னும் சில அடையாளங்களுக்குத் தாமதமே கூடாது. இரண்டு பக்கமும் திடீரென்று முழுக்க அடைத்துக்கொண்டு, மூக்கு வீங்கி, வலியும் காய்ச்சலும் கூடினால் தண்டுக்குள் ரத்தமோ சீழோ கட்டியிருக்கலாம். அதை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். விட்டால் குருத்தெலும்பு பட்டினியால் கரைந்து மூக்கின் முதுகு குழிந்துவிடும். குனியும்போது ஒரு பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாகச் சொட்டினாலும், கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, கண் வீக்கம், பார்வை மங்கல் வந்தாலும் நேரே மருத்துவமனைக்குத்தான். மற்றபடி இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் கசிவதும், சளி பிடித்தது போன்ற அடைப்பும், மேல் முன்பற்கள் மரத்தது போல இருப்பதும் வழக்கமானவை. மாவு புளித்த வாசனை தெரியவில்லையே என்று இனிமேல்தான் கவலைப்படுவீர்கள். வீக்கம் வடிய வடிய, சில வாரங்களில் அது திரும்பும். அதுவரை மாவு புளித்ததா என்று மகனிடம் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இடிபடாமல் இருப்பது என்றால் சண்டைக்குப் போகாமல் இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தை இருந்தால் அதுதான் முதல் எதிரி. இடுப்பில் தூக்கி வைத்திருக்கும்போது சந்தோஷத்தில் தலையைச் சட்டென்று ஆட்டும். அது நேராக உங்கள் மூக்கில் வந்து விழும். ஆறு வாரம் உட்கார்ந்து மடியில் வைத்துக் கொஞ்சுங்கள், அதுவும் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டைக் கழற்றும்போது மூக்கைச் சேர்த்து இழுக்கும். மகன் பின்னால் வண்டியில் போவதாக இருந்தால் ஹெல்மெட்டின் கன்னப் பகுதியை இரு கையாலும் விரித்துக் கழற்றப் பழகுங்கள். ஹெல்மெட் இல்லாமல் போகலாமா என்று கேட்காதீர்கள்.

அழகர் விஷயத்துக்கு வருகிறேன். பதினேழாம் நாள் என்கிறீர்கள். வைகை ஆற்றுக்குள் இறங்கும் இடத்துக்கு நீங்கள் போகக்கூடாது. சித்திரை வெயில் மூக்கின் உட்பக்கத்தை உலர்த்திப் பொருக்கை வெடிக்க வைக்கும். நெரிசலில் யாருடைய முழங்கை எங்கே வரும் என்று அழகருக்கே தெரியாது. நாலாபக்கமும் தோல்பையிலிருந்து தண்ணீர் பாய்ந்து முகத்தில் அடிக்கும், அது எந்தத் தண்ணீர் என்று கேட்க முடியாது. வேண்டுதல் மகனுடையது, அவன் போய்ப் பீய்ச்சட்டும். நீங்கள் ஒன்று செய்யலாம். அவர் மதுரைக்கு வரும் வழியெல்லாம் நின்று போகும் மண்டகப்படிகள்தானே. கள்ளந்திரி, அப்பன் திருப்பதிப் பக்கம், வெயில் தாழ்ந்த பிறகு, சாலையிலிருந்து விலகி, ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு பாருங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரைச் செம்பில் ஏற்றிய சூடப் புகை நெருங்கினால் இரண்டடி பின்னால் போங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டாம். அதற்கு முன் பதினைந்தாம் நாளையொட்டி உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை மூக்கைக் காட்டிவிடுங்கள். அவர் உள்ளே பார்த்தவர். நான் கடிதத்தை மட்டும் பார்த்தவன். அவர் வேண்டாம் என்றால் அடுத்த சித்திரைக்குத்தான்.

இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கும் என்பதால் சுருக்கமாக: மூக்கின் வடிவத்தை மாற்ற எலும்பை வெட்டி அமைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு மூக்குக் கண்ணாடி கூட மேலே அழுந்தக்கூடாது, காத்திருப்பும் நீளம். கபடி, சிலம்பம் ஆடும் இளைஞர்கள் எந்தச் சிகிச்சையானாலும் ஆறு வாரத்துக்கு முன் களத்தில் இறங்க வேண்டாம். யோகா செய்பவர்கள் கபாலபாதி, சிரசாசனம், குனிந்து செய்யும் நமஸ்காரம் மூன்றையும் ஒரு மாதம் மறந்திருக்கலாம்.

மூக்குத்தி. ஓட்டை இருக்கும் இடத்தில் கத்தி படவில்லை என்றாலும், திருகாணியைத் திருகும்போது மூக்கின் பக்கத்தைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் சிக்கல். நான்கு வாரம் போகட்டும். உங்களுக்குச் சிறு வயதில் குத்திய ஓட்டையாகத்தான் இருக்கும், அது அவ்வளவு சீக்கிரம் தூர்ந்துவிடாது. முதல் முறை உங்கள் மருத்துவர் முன்னிலையிலேயே போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. அதுவரை அதை ஒரு துணியில் முடிந்து சாமி படத்தருகில் வையுங்கள். கல்லாப் பெட்டியில் வேண்டாம், சில்லறையோடு யாருக்காவது கொடுத்துவிடுவீர்கள்.